ஒரே வயிற்றில் மாத்திரை, கஷாயம், மீன் குழம்பு... வடசென்னை வீடுகள் கவனிக்க வேண்டிய விஷயங்கள்!

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் வயதானவர்களிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. 1780-களில் ஹைதர் அலியுடனான போரும் பஞ்சமும் மதராஸை வாட்டியபோது, பசியோடு வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் தொடங்கப்பட்டது. அங்கே கஞ்சி குடிக்க வந்தவர்களுக்கு நோயும் இருந்ததால், கஞ்சியோடு மருந்தும் சேர்ந்தது. அந்த இடம்தான் பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது.

சாப்பாடும் மருந்தும் ஒரே இடத்தில் என்ற அந்தப் பழக்கம் வடசென்னை வீடுகளில் இன்றும் தொடர்கிறது. சமையலறை அலமாரியில் சுக்கு, மிளகு, அதிமதுரம், டி.வி. மேல் பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை. ஃப்ரிட்ஜில் யாரோ சொன்ன பச்சிலைச் சாறு. அடுப்பில் மீன் குழம்பு. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதுதான். ஆனால் எல்லாமே போய்ச் சேர்வது ஒரே வயிற்றுக்குள். அங்கே அவை சில நேரம் ஒன்றுக்கொன்று உதவுகின்றன, சில நேரம் மோதிக்கொள்கின்றன. அந்த மோதல்களில் சில உயிருக்கே ஆபத்தாகலாம்.

சூரை மீனும் டி.பி. மாத்திரையும்

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் களைகட்டிவிடும். வஞ்சிரமும் வவ்வாலும் பெரிய கூடைகளுக்குப் போய்விட, விலை குறைந்த சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவை சாதாரண வீடுகளின் குழம்புச் சட்டிக்கு வரும். மூன்றுமே புரதமும் நல்ல கொழுப்பும் நிறைந்தவை. நோயிலிருந்து தேறுபவர்களுக்கு இவற்றைவிட மலிவான சத்துணவு கிடைப்பது கஷ்டம்.

ஆனால், இந்த மூன்று மீன்களுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால், பாக்டீரியாக்கள் இந்த மீன்களின் சதையில் 'ஹிஸ்டமின்' என்ற பொருளை உருவாக்கிவிடும். மீன் நாறாமல் இருக்கலாம், பார்க்கப் புதிதாகவும் தெரியலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், புளி ஊற்றினாலும், வறுத்தாலும் ஹிஸ்டமின் அழியாது.

ஹிஸ்டமின் கொஞ்சமாக உள்ளே போனால் நம் குடலில் உள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கப்படும் முக்கிய மருந்தான ஐசோனியாசிட், அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. விளைவு, மற்றவர்களுக்கு ஒன்றுமே செய்யாத அதே மீன் குழம்பு, டி.பி. மாத்திரை சாப்பிடுபவருக்கு மட்டும் முகம் சிவந்து, கண் எரிந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, நெஞ்சு படபடக்க வைத்துவிடும். சிலருக்கு வாந்தியும் மூச்சுத்திணறலும் வரும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இது நடக்கும்.

இதை உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், நம் பக்கத்துக் கடலைச் சேர்ந்தவர். இலங்கையின் நெஞ்சக நோய் மருத்துவர் சி.ஜி.உரகொட 1970-களில், ஐசோனியாசிட் சாப்பிட்டு வந்த நோயாளிகளுக்குச் சூரை வகை மீன்களைச் சாப்பிட்டதும் இப்படி நேர்வதைக் கவனித்து, மருத்துவ இதழ்களில் எழுதினார். நம் வீடுகளில் இது நடந்தால், "மாத்திரை சேரவில்லை" என்ற முடிவுக்குத்தான் முதலில் வருவார்கள். மாத்திரையை நிறுத்தியும் விடுவார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பாதியில் நிறுத்திய காசநோய், மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் பரவலாம்.

அதனால் செய்ய வேண்டியது எளிமையானது. டி.பி. மாத்திரை சாப்பிடும் காலத்தில் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, அவற்றின் கருவாடு ஆகியவற்றைத் தவிர்த்துவிடலாம். சங்கரா, வவ்வால், கிழங்கான் போன்றவற்றை ஐஸில் வைத்ததாகப் பார்த்து வாங்கி, அன்றே சமைத்துச் சாப்பிடலாம். முட்டை, பருப்பு, கடலை தாராளமாகச் சேர்க்கலாம். மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடக் கூடாது.

சத்து முக்கியமா, மாத்திரை முக்கியமா?

இந்தக் கேள்விக்கான பதிலை உலகுக்குச் சொன்ன ஊரே சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வு கொடுத்து, பாலும் முட்டையுமாகக் கொடுத்தால்தான் குணமாகும் என்று நம்பினார்கள். ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், இன்னொரு பிரிவினரை நெரிசலான தங்கள் வீடுகளிலேயும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். 1959-ல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா? அதற்கும் பதில் வந்துவிட்டது. ஜார்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு அடங்கிய உணவுப் பை கொடுத்துப் பார்த்த 'ரேஷன்ஸ்' ஆய்வு 2023-ல் 'லான்செட்' இதழ்களில் வெளியானது. சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கேற்றது. உணவுப் பை கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்திருந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களுக்கு மரண ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்குத் தெளிவு. கிருமியைக் கொல்வது மாத்திரை. உடம்பைத் தாங்கிப் பிடிப்பதும், வீட்டிலிருப்பவர்களைக் காப்பதும் சாப்பாடு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கிடையாது. சாப்பாட்டுச் செலவுக்காக மத்திய அரசு கொடுக்கும் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. சிகிச்சையில் இருப்பவர்கள் அது வங்கிக் கணக்கில் வருகிறதா என்று மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம்.

மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்

கீழாநெல்லி என்றதும் காமாலை நினைவுக்கு வராத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அந்த நம்பிக்கையை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றவர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அவரது குழுவில் இருந்தார். வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. 1988-ல் 'லான்செட்'டில் இந்த முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிற நாடுகளில் இதே சோதனையைச் செய்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகு, கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி-யைக் குணமாக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே மருத்துவ உலகின் இன்றைய நிலை.

"எங்க வீட்டுல ரெண்டு பேருக்குச் சரியாச்சே?" என்ற கேள்வி எழும். அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, இ காமாலைகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும்.

காமாலை என்பது ஓர் அறிகுறி மட்டுமே. அதன் காரணம் வைரஸாக இருக்கலாம், பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம். டி.பி. மாத்திரையாலும் கல்லீரல் பாதிக்கப்படலாம். டி.பி. சிகிச்சையின்போது கண் மஞ்சளானாலோ, பசியே இல்லாமல் வாந்தி வந்தாலோ, பச்சிலை அரைக்க நேரம் செலவழிக்காமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது மட்டும் என்றால் பயம் வேண்டாம். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். அதே ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரைகளின் பலனைக் குறைத்துவிடும் என்பதைப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூலிகையே கல்லீரலைப் பாதிப்பதும் உண்டு. கொரோனா காலத்தில் 'எதிர்ப்புச் சக்தி' என்று சொல்லிப் பலரும் சீந்தில் கொடியைத் தினமும் குடித்தார்கள். அவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்களும், அடுத்த ஆண்டில் இந்தியாவின் 13 மையங்களைச் சேர்ந்த மருத்துவர்களும் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கல்லீரல் நோயோ தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோயோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதே நல்லது.

தூசிக்கு அதிமதுரம்... பி.பி-க்கு?

எண்ணூர், திருவொற்றியூர் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதிக்கும், அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் நடுவே தொண்டைக் கரகரப்பு நிரந்தர விருந்தாளி. அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது பலரது வழக்கம். தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால், அதில் உள்ள 'கிளைசிரைசின்' உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தைக் கூட்டும். ஒருநாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டால், பி.பி. மாத்திரை சாப்பிட்டும் ஏன் குறையவில்லை என்று டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். காரணம் உங்கள் வாயில் இருக்கும்.

கருவாடும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சோற்றுக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று மூன்றும் சேர்ந்தால் அந்தக் கணக்கு காலையிலேயே முடிந்துவிடும். விடவே முடியாதவர்கள் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை கழுவிவிட்டு, வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளலாம். குழம்பில் தனியாக உப்பு போட வேண்டாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும், எனலாபிரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தினசரி இளநீரும் வாழைத்தண்டுச் சாறும்கூட இதே காரணத்தால் நல்லதல்ல.

தொண்டை எரிச்சல் எல்லாவற்றுக்கும் கஷாயம் பதிலாகாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அதுபோன்ற நேரத்தில் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். கண்ணை நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆவி பிடிப்பதும் மிளகுக் கஷாயம் குடிப்பதும் அந்த நேரத்து வைத்தியம் அல்ல.

கடலுக்குப் போகும் சுகர் நோயாளி

வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான் ஆகியவை சர்க்கரையை ஓரளவு குறைக்கக் கூடியவை. குறைக்கும் என்பதால்தான் கவனம் தேவை. கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை வேகமாகக் குறைப்பவை. இரண்டும் சேர்ந்து, சாப்பாடும் தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், மயக்கம் என்று வரிசையாக வரும். தரையில் என்றால் யாராவது பார்த்துவிடுவார்கள். நள்ளிரவில் படகில், வலை இழுக்கும்போது வந்தால்?

கடலுக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் மாத்திரை வேளையைச் சாப்பாட்டு வேளையோடு எப்படிப் பொருத்துவது என்று டாக்டரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும்.

மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதைச் 'சுகர் நரம்பு' என்று விட்டுவிடாமல், ஒருமுறை பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. மீனும் முட்டையும் பி12 நிறைந்தவை என்பது மீனவ வீடுகளுக்கு ஆறுதலான செய்தி.

காய்ச்சலும் உடம்பு வலியும்

2012 டெங்கு காலத்திலிருந்து நிலவேம்புக் குடிநீர் தமிழக வீடுகளில் பழகிவிட்டது. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது பொருள்கள் சேர்ந்தது அது. குடிப்பவர்கள் குடிக்கலாம். ஆனால், "குடிச்சாச்சு, இனி ஒண்ணும் ஆகாது" என்று இருந்துவிடக் கூடாது. டெங்குவில் ஆபத்தான கட்டம், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வரும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம். ரத்தக்கசிவை அவை கூட்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. தனி மாத்திரையும் சளி மாத்திரையுமாகச் சேர்த்து விழுங்கினால் அளவு மீறி, கல்லீரல் அடிவாங்கும்.

மூட்டை தூக்குபவர்களும் வெல்டிங் பட்டறையில் நிற்பவர்களும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகளும் கவலைக்குரியவை. வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது, பி.பி. மாத்திரையோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும்.

பெயரில்லாத பொடி

மூட்டுவலிக்கு, ஆஸ்துமாவுக்கு என்று லேபிள் இல்லாமல் வரும் பொடிகள் ஒரே நாளில் வலியைப் பறக்கவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு தேயும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், 14 பொருள்களில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. சுகர், ஆஸ்துமா போன்றவற்றை 'முற்றிலும் குணமாக்கும்' என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவுகள், அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவமனை இருக்கின்றன. படித்த சித்த மருத்துவர், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டுவிட்டுத்தான் மருந்து கொடுப்பார்.

வீட்டில் இன்றே செய்யலாம்

* வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரை, கஷாயம், பொடி எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

* தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து காபி குடியுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

* இரும்புச்சத்து மாத்திரையோடு டீ வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது.

* ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் கீரையை விட வேண்டியதில்லை. ஒருநாள் கட்டுக்கட்டாக, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல், ஒரே அளவில் சாப்பிட வேண்டும். பூண்டு, மஞ்சள் கேப்ஸ்யூல்களைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். குழம்பில் போடும் அளவுக்குப் பயம் தேவையில்லை.

* கஷாயம் தொடங்கியதும் பி.பி., சுகர், டி.பி., வலிப்பு மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவருபவர் வாசலில் நிற்கும்போது, வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல், அடுப்பில் கொதிக்கும் கஷாயத்தையும் சேர்த்து அவரிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் மருத்துவரிடம் அனுப்பிவைப்பார். அன்று சத்திரத்து வாசலில் கஞ்சியும் மருந்தும் ஒன்றாக வந்தன. இன்று இரண்டும் வேறு வேறு கைகளிலிருந்து வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு நம் வீட்டுக்கு வந்திருக்கிறது.